அஸ்ட்ரோ தட்டைக் கழற்றலாமா?



"டீச்சர், அஸ்ட்ரோவை நிறுத்திவிட்டு ஆப்பிலேயே படம் பார்த்துக்கொள்ளலாமா?" சம்பளம் போட்ட வாரத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது.

நியாயமான கேள்விதான். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. தொலைக்காட்சிக்கு மாதம் 100 வெள்ளி கட்டுகிற குடும்பத்துக்கு ஆண்டில் 1,200 வெள்ளி போய்விடுகிறது. மூன்று வாரம் பால்மரத்தடியில் பட்ட பாடு அது. 1996இல் அஸ்ட்ரோ வந்தபோது, தமிழ் நிகழ்ச்சிகளுக்காக ஏங்கிக் கிடந்த நாம் ஆசையோடு கூரையில் தட்டை மாட்டினோம். அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கு அதைப் பார்ப்பது யார்?

பல வீடுகளில் பாட்டி மட்டும்தான். பிள்ளைகள் கைப்பேசியில் இருக்கிறார்கள். அப்படியென்றால் பாட்டியிடம் முதலில் கேளுங்கள். எண்ணை அழுத்தினால் தொடர் வருகிற பெட்டி அவருக்குப் பழக்கம். செயலியைத் திறந்து, கடவுச்சொல் போட்டுத் தேடுவது அவருக்கு ஆகாத வேலை. அவர் பார்க்கும் தொடர் எந்தச் செயலியில் வருகிறது என்றும் விசாரியுங்கள். ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடும். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் பார்ப்பதெல்லாம் மலேசியாவில் கிடைக்காது.

அடுத்தது இணையம். இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். செயலிக் கட்டணம் குறைவு என்று மகிழ்கிறோம், டேட்டாவை மறந்துவிடுகிறோம். எச்.டி. தெளிவில் படம் பார்த்தால் ஒரு மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். இரவுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 180 ஜிபி! தெளிவைக் குறைத்தால் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி போதும். 'வரம்பில்லை' என்று விற்கும் சிம் கார்டுகளிலும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருப்பதுண்டு. கம்பிவழி இணையம் இருக்கும் டவுன் வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை. லயத்து வீட்டில் ஒரே சிம்மை நம்பியிருந்தால், அப்பா படம் பார்த்து முடித்த டேட்டாதான் மகளின் வீட்டுப் பாடத்துக்கும் வேண்டும். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது டேட்டா இல்லாத பிள்ளைகள் பட்ட அவதியை ஆசிரியர்கள் மறக்கவில்லை. படிப்புக்கு முதலில் ஒதுக்குங்கள், மிச்சம்தான் படத்துக்கு.

பெருமழையில் தட்டு படம் காட்டாது என்பது மெய். மலைச்சரிவுத் தோட்டத்தில் கைப்பேசி அலையும் அப்படித்தான், வெயிலிலேகூட!

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. மாதக் கட்டணம் இல்லாத என்ஜோய் 2012இலிருந்தே இருக்கிறது. பெட்டிக்கு மட்டும் காசு, அலைவரிசைகள் குறைவு. ஆர்டிஎம் தமிழ்ச் செய்திக்கு மைடிவியின் இலவச ஒளிபரப்பே போதும்; அலை எட்டுகிறதா என்பதை அக்கம்பக்கத்தில் கேளுங்கள். இதோடு ஒரே ஒரு செயலி. மூன்று நான்கு எடுத்தால் பழைய கட்டணமே திரும்பி வரும்.

உடனே நிறுத்த வேண்டாம். ஒரு மாதம் செயலியை வைத்துப் பாருங்கள். மாதா மாதம் வங்கி அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்கும், வேண்டாமென்றால் நீங்கள்தான் நிறுத்த வேண்டும். அஸ்ட்ரோ ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்றும் கேளுங்கள். இடையில் நிறுத்தினால் அபராதம் வரலாம். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால், கொடுத்ததற்கு ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.