அமுக்கராவை அரசே சோதிக்கட்டும்

‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்ற அழைப்பைக் கேட்காமல் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் குறைவு. சுவரொட்டி, வார இதழின் கடைசிப் பக்கம், பின்னிரவுத் தொலைக்காட்சி என்று எங்கும் ஒலித்த குரல் அது. எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் பரம்பரை வைத்தியர் தங்கியிருப்பார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டுப் போகும். இன்றைய வியாபாரத்துக்கு லாட்ஜ் தேவைப்படவில்லை. கைபேசித் திரையில் கட்டான உடம்புள்ள ஓர் இளைஞர் வருகிறார். ஜிம்மில் எடை கூடும், படுக்கையில் பலம் கூடும், எல்லாம் மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்கிறார். சரக்கு பழையதுதான்: அமுக்கரா, நெருஞ்சி, பூனைக்காலி. முன்பு பரம்பரையைக் காட்டி விற்றார்கள், இப்போது ஆய்வுக் கட்டுரையைக் காட்டி விற்கிறார்கள்.

அந்தக் கட்டுரைகளைப் பிரித்துப் படித்தால் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. மூலிகைகளில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. விளம்பரம் சொல்கிற அளவுக்கு எதுவும் நிரூபிக்கப்படவும் இல்லை. இந்த நிலையை மாற்றும் பொறுப்பை விற்பவரிடம் விட்டுவைத்திருப்பதுதான் தவறு. மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அமுக்கராவைப் பொதுப் பணத்தில், பெரிய அளவில் சோதித்து, முடிவு எதுவானாலும் வெளியிட வேண்டும். அதுவரை ஆண்மை, உடல்வலு என்று சொல்லி விளம்பரம் செய்வதை அரசு தடுக்க வேண்டும்.

சுயேச்சையான சோதனை என்ன செய்யும் என்பதற்கு நெருஞ்சியின் கதையே போதும். செருப்பில்லாமல் காட்டில் நடந்தவர்களுக்கு அது முள். சித்த மருத்துவர்களுக்கு முதன்மையாக நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்குமான மருந்து. ஆண்மைக்கான சூரணங்களிலும் அதைச் சேர்ப்பது உண்டு. உலகச் சந்தைக்கு அதை எடுத்துச் சென்றதோ பல்கேரியா. 1980களின் தொடக்கத்தில் சோஃபியாவின் சோஃபார்மா நிறுவனம் நெருஞ்சிச் சாற்றை ‘ட்ரைபெஸ்டான்’ என்ற பெயரில் மாத்திரையாக்கி விற்றது. பல்கேரியப் பளுதூக்கும் வீரர்கள் உலக மேடைகளில் பதக்கங்களை அள்ளிய காலம் அது. அவர்களுடைய வலுவுக்கு நெருஞ்சிதான் காரணம் என்ற பேச்சு கடல் தாண்டி அமெரிக்க ஜிம்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அதே அணியின் இரண்டு தங்கப் பதக்க வீரர்கள் தடைசெய்யப்பட்ட மருந்துக்காகச் சிக்கியதையும், அணியே போட்டியை விட்டு விலகியதையும் நெருஞ்சி வியாபாரிகள் சொல்வதில்லை. சிக்கிய மருந்து ஃபுரோசிமைடு, சிறுநீரைப் பெருக்கும் மருந்து. நெருஞ்சிக்கு நம் மருத்துவர்கள் முதலில் சொன்ன வேலையும் அதுதான் என்பது ஒரு வேடிக்கை.

நெருஞ்சி டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்பதுதான் விற்பனையின் அடிப்படை. அதைச் சோதித்தவர்கள் பல்கேரிய விஞ்ஞானிகளே. 2005இல் வெளிவந்த ஆய்வில், 20 முதல் 36 வயது வரையிலான 21 ஆரோக்கியமான ஆண்களைப் பிரித்து, சிலருக்கு நெருஞ்சிச் சாறும் சிலருக்கு வெற்று மாத்திரையும் நான்கு வாரம் கொடுத்தார்கள். இரு தரப்பினரின் ஹார்மோன் அளவிலும் வித்தியாசம் இல்லை. 2007இல் ஆஸ்திரேலியாவில் 22 ரக்பி லீக் வீரர்களிடம் சோதித்தார்கள். ஐந்து வாரம், நாளுக்கு 450 மில்லிகிராம், கூடவே கடுமையான எடைப் பயிற்சி. வலு கூடியது; நெருஞ்சி சாப்பிட்டவர்களுக்கும் கூடியது, சாப்பிடாதவர்களுக்கும் அதே அளவு கூடியது. வேலை செய்தது பயிற்சி.

கதை அத்தோடு முடிந்திருந்தால் எழுதுவது எளிதாக இருந்திருக்கும். 2017இல் அதே ட்ரைபெஸ்டானை 180 பேரிடம், விறைப்புக் குறைபாடு உள்ள ஆண்களிடம், 12 வாரம் சோதித்தபோது வெற்று மாத்திரையைவிட ஓரளவு நல்ல பலன் தெரிந்தது. டெஸ்டோஸ்டிரோன் அப்போதும் கூடவில்லை. தயாரிப்பு நிறுவனத்தோடு தொடர்புள்ள ஆய்வு என்பதால் எச்சரிக்கையோடுதான் அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் தூக்கி எறிய முடியாது. தசைவலு என்ற கதை உடைந்தது. தாம்பத்தியப் பலன் என்ற கேள்வி பாதி திறந்து கிடக்கிறது. சோதித்ததால்தான் இவ்வளவு தெளிவாவது கிடைத்தது.

அமுக்கராவுக்கு, அதாவது விளம்பரங்கள் அஸ்வகந்தா என்று சொல்லும் கிழங்குக்கு, இந்த அளவு தெளிவு இன்னும் கிடைக்கவில்லை. விற்பனையாளர்கள் அடிக்கடி காட்டுவது 2015இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு. எடைப் பயிற்சியில் அதிகப் பழக்கமில்லாத 57 ஆண்கள், எட்டு வாரம், நாளுக்கு இருவேளை 300 மில்லிகிராம் சாறு. படுத்தபடி எடை தூக்கும் பெஞ்ச் பிரஸ் பயிற்சியில் அமுக்கரா சாப்பிட்டவர்கள் சராசரியாக 46 கிலோ கூடுதலாகத் தூக்கினார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் 26 கிலோ. டெஸ்டோஸ்டிரோனும் கூடியது. மெச்சத்தக்க எண்கள்தான். ஆனால் சாற்றைத் தந்தது அதைத் தயாரித்து விற்கும் நிறுவனம். புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு எட்டு வாரத்தில் வலு வேகமாக ஏறுவது இயல்பு. 57 பேரை வைத்து ஒரு நாட்டுக்கே மாத்திரை விற்கலாம் என்றால், ஆய்வு எதற்கு என்று தோன்றும்.

ஆஸ்திரேலியாவில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வை விளம்பரங்கள் பாதி மட்டும் சொல்கின்றன. 40 முதல் 70 வயதுள்ள, எடை கூடிய ஆண்களுக்கு அமுக்கராச் சாறு கொடுத்தபோது டெஸ்டோஸ்டிரோன் வெற்று மாத்திரையோடு ஒப்பிட 14.7 சதவீதம் கூடியது. இதுவரைதான் விளம்பரத்தில் வரும். சோர்வு, உற்சாகம், பாலுறவு நலம் ஆகியவற்றில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்பது அதே கட்டுரையில் அடுத்த வரியாக இருக்கிறது. ரத்தத்தில் ஓர் எண் ஏறுவதும் வாழ்க்கையில் ஒரு குறை தீர்வதும் வேறு வேறு.

அதைவிட முக்கியமானது 2011இல் ஜாம்நகரிலிருந்து வந்தது. நடத்தியது அலோபதி மருத்துவமனை அல்ல. குஜராத் ஆயுர்வேதப் பல்கலைக்கழகம். மனக் காரணத்தால் விறைப்புக் குறைபாடு வந்த 86 ஆண்கள் ஆய்வை முடித்தார்கள். 60 நாள், ஒரு தரப்புக்கு அமுக்கராக் கிழங்குப் பொடி, மறுதரப்புக்கு வெற்றுப் பொடி. வெற்றுப் பொடி சாப்பிட்டவர்கள்தான் சற்று அதிகம் தேறினார்கள். தங்கள் மருந்து தோற்றதைத் தாங்களே அச்சில் ஏற்றிய அந்த மருத்துவர்களின் நேர்மை பாராட்டுக்குரியது. பாரம்பரிய மருத்துவத்துக்கு உண்மையான மரியாதை தேடித் தருகிறவர்கள் இவர்களே. எந்த விளம்பரமும் இவர்களைச் சுட்டிக்காட்டியதில்லை.

இங்கே கிளம்பும் எதிர்வாதம் தெரிந்ததே: “எனக்குப் பலித்ததே, என் நண்பருக்கும் பலித்ததே.” பலித்திருக்கலாம். 1998இல் வயாகராவுக்கு அங்கீகாரம் பெற்றுத் தந்த ஆய்வுகளில் ஒன்றில், மருந்து சாப்பிட்டவர்களின் முயற்சிகளில் 69 சதவீதம் வெற்றி பெற்றன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 22 சதவீதம் வெற்றி. பயமும் கூச்சமும் கலந்த நோயில் நம்பிக்கையே பாதி மருந்து. அதனால்தான் தனிமனிதச் சாட்சியத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

சாட்சியம் சொல்கிறவர் சாப்பிட்டது உண்மையில் மூலிகைதானா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் 2007 முதல் 2016 வரை மருந்துக் கலப்படம் இருப்பதாக உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்த 776 ஊட்டச்சத்துப் பொருட்களை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் 353 பாலுணர்வுக்கானவை. அவற்றில் பெரும்பாலும் கலந்திருந்தது வயாகராவின் மூலப்பொருளான சில்டெனாஃபில் அல்லது அதன் உறவினங்கள். மாரடைப்பு நோயாளி நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவராக இருந்து, ‘நூறு சதவீத மூலிகை’ என்று நம்பி இதையும் சாப்பிட்டால், ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்குச் சரியும். விலாசமில்லாத டப்பாவில் வரும் லேகியம் அரை மணி நேரத்தில் வேலை செய்தால் மகிழ்வதைவிட சந்தேகப்படுவதே நல்லது. மூலிகைக்கு அவ்வளவு அவசரம் கிடையாது.

கலப்படமில்லாத அமுக்கராவும் எல்லோருக்கும் பாதுகாப்பானது அல்ல. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலுமாக ஐந்து பேருக்கு அமுக்கரா சாப்பிட்டபின் மஞ்சள் காமாலையோடு ஈரல் பாதிப்பு வந்தது 2020இல் பதிவானது. இந்தியாவில் பல மருத்துவமனைகளின் நோயாளிகளைத் தொகுத்து 2023இல் வெளிவந்த கட்டுரை, அமுக்கரா மட்டுமே கொண்ட தயாரிப்பால் ஈரல் கெட்ட எட்டுப் பேரைக் காட்டியது. அதே ஆண்டு டென்மார்க் அமுக்கராவைத் தடை செய்தது. கோடிக்கணக்கானோர் சாப்பிடும் பொருளில் இவை சில சம்பவங்கள்தான், டென்மார்க்கின் முடிவு மிகையானது என்று வாதிட இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை எதை வைத்துச் செய்வது? பல மாதங்கள் நீண்ட, ஈரல் பரிசோதனையோடு கூடிய பெரிய ஆய்வு நம் கையில் இருந்தால் டென்மார்க்குக்கு முகத்துக்கு நேராகப் பதில் சொல்லியிருக்கலாம். இப்போது அது கையில் இல்லை.

சோதிக்கப்படுவதும் நம் மருந்து அல்ல என்பதை சித்த மருத்துவர்கள் உரக்கச் சொல்ல வேண்டும். சித்தத்தின் அமுக்கராச் சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு எல்லாம் சேரும், பாலோடு கொடுப்பார்கள், உடல்வாகு பார்த்து அளவு சொல்வார்கள். உலக ஆய்வுகளில் பெரும்பாலானவை குறிப்பிட்ட வேதிப்பொருளைச் செறிவாக்கிய குளிகையைச் சோதித்தவை. அந்த ஆய்வு முடிவைக் காட்டி நாட்டுச் சூரணத்தை விற்பதும் பித்தலாட்டம். சூரணத்தின் ஆயிரமாண்டுப் பழக்கத்தைக் காட்டி ரசாயனச் செறிவுக் குளிகையை விற்பதும் பித்தலாட்டம். சந்தையில் இரண்டும் ஒரே டப்பாவின் மேல் நடக்கிறது. ‘ஆளுக்கு ஆள் மருந்து மாறும், எனவே எங்கள் முறையை இப்படிச் சோதிக்க முடியாது’ என்பதும் சரியல்ல. மருத்துவர் தன் விருப்பப்படி அளவும் துணைமருந்தும் மாற்றிக் கொடுக்கட்டும். நோயாளிக்குப் போவது மருந்தா வெற்றுப் பொடியா என்பது மட்டும் இருவருக்கும் தெரியாமல் இருந்தால் போதும். ஜாம்நகரில் வெற்றுப் பொடியை வைத்து ஒப்பிட முடிந்தது, தாம்பரத்திலும் முடியும்.

பணமில்லை என்பதை ஏற்க முடியாது. கோவிட் பாதிப்பிலிருந்து மீள அமுக்கரா உதவுமா என்று பார்க்க 2021இல் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிறுவனத்தோடு ஆயுஷ் அமைச்சகம் கைகோத்தபோது, பிரிட்டனின் மூன்று நகரங்களில் 2,000 பேரைச் சேர்ப்பது திட்டமாக இருந்தது. அதே கிழங்கை நம் ஊர் ஆண்கள் உண்மையில் எதற்காக வாங்குகிறார்களோ அதற்கு அப்படி ஒரு திட்டம் ஏன் இல்லை? செடிக்குக் காப்புரிமை கிடைக்காது, ஆகவே பெரிய நிறுவனங்கள் பெரிய ஆய்வுக்குச் செலவழிக்கத் தயங்கும். அரசு நுழைய வேண்டிய இடம் துல்லியமாக அதுதான். கூச்சம் ஒரு காரணமாக இருக்கலாம். அமைச்சகத்துக்குக் கூச்சம் இருக்கக் கூடாது.

கூச்சத்தின் விலையைக் கொடுப்பவர்கள் நோயாளிகள். விறைப்புக் குறைபாடு பல நேரங்களில் சர்க்கரை நோயும் இதய ரத்தக் குழாய் அடைப்பும் முன்கூட்டியே அனுப்பும் தகவல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பெரிய கணக்கெடுப்பு 2023இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் என்றும் சொன்னது. நாற்பத்தைந்து வயது ஆண் ஒருவர் யாரிடமும் சொல்லாமல் இணையத்தில் மூன்று மாதப் பொட்டலம் வாங்கிச் சாப்பிடும்போது, அவருக்குத் தேவைப்பட்ட ரத்தப் பரிசோதனை மூன்று மாதம் தள்ளிப் போகிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போயிருந்தால் அவர் முதலில் சர்க்கரை அளவைத்தான் கேட்டிருப்பார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டம் பாலின்பத் திறனைக் கூட்டுவதாகச் சொல்லும் மருந்து விளம்பரத்தையே தடுக்கிறது; முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை. எழுபது ஆண்டுகள் கடந்தும் அந்த விளம்பரம் இல்லாத பேருந்து நிலையக் கழிப்பறையைக் காண்பது அரிது. ஆயுஷ் மருந்து விளம்பரத்துக்கு முன் அனுமதி கேட்கும் 170ஆவது விதி 2018இல் வந்தது. 2024 ஜூலையில் மத்திய அரசே அதை நீக்கியது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் நீக்கத்தை நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில் வழக்கே முடித்துவைக்கப்பட்டது, நீக்கமும் நிலைத்தது. பழைய நூல்களில் இருக்கும் மருந்துக்கு, நூலே சான்று, புதிய ஆய்வு தேவையில்லை என்ற உரிம விதியோ அப்படியே இருக்கிறது. நூலில் இருப்பதைத் தயாரிக்க அந்த விதி போதும். ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று டப்பாவில் அச்சடிக்க அது போதாது.

முன் அனுமதி விதியைத் திரும்பக் கொண்டுவருவது டெல்லியின் வேலை. தமிழக அரசு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆண்மைக்கென்று விற்கும் சூரணங்களையும் லேகியங்களையும் குளிகைகளையும் கடையிலும் இணைய விற்பனைக் கிடங்குகளிலும் மாதிரி எடுத்து, சில்டெனாஃபில் வகை மருந்துகளும் ஸ்டீராய்டும் கன உலோகமும் இருக்கின்றனவா என்று பார்த்து, தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண்ணோடு முடிவுகளை மாதந்தோறும் வெளியிட வேண்டும்; மாதிரி எடுக்கும் அதிகாரம் மாநில மருந்து ஆய்வாளர்களிடம் இப்போதே இருக்கிறது. முதல் பட்டியலை இந்த ஆண்டே எதிர்பார்க்கிறோம்.