தட்டுக்கு வராத மஞ்சள் சோறு

அமெரிக்காவில் 2024 பிப்ரவரி முதல் ஊதாத் தக்காளி விதையை யார் வேண்டுமானாலும் வாங்கி வீட்டுத் தோட்டத்தில் ஊன்றலாம். அப்போது பத்து விதை இருபது டாலர். ஸ்னாப்டிராகன் என்ற பூச்செடியின் இரண்டு மரபணுக்களைச் சேர்த்து, இங்கிலாந்தின் ஜான் இன்னெஸ் மையத்தில் கேத்தி மார்ட்டின் குழுவினர் உருவாக்கிய தக்காளி அது. நாவல் பழத்துக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் அதன் சதை வரை ஊறியிருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில், வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின் நிறமி உருவாகும்படி மரபணு மாற்றப்பட்ட தங்க அரிசியைப் பயிரிடத் தந்திருந்த அனுமதியை பிலிப்பைன்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. வயிறார உண்பவர்களுக்கு நிறம் கடைக்கு வந்துவிட்டது. கண் பார்வைக்கே அது தேவைப்படும் குழந்தைகளுக்கு வரவில்லை. அந்தத் தடை தவறானது, விலக்கப்பட வேண்டும்.

நெற்பயிரின் இலையில் பீட்டா கரோட்டின் இயல்பாகவே உண்டு. நாம் உண்ணும் அரிசியில்தான் கிடையாது. மக்காச்சோளத்திலிருந்து ஒரு மரபணு, மண் பாக்டீரியாவிலிருந்து ஒன்று. இவ்விரண்டும் சேர்ந்தால் அரிசியிலும் அது உருவாகி, மணி மஞ்சளாகிறது. உடல் தனக்கு வேண்டிய அளவை மட்டும் அதிலிருந்து வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும். சிறு குழந்தைகளின் அன்றாடத் தேவையில் 30 முதல் 50 சதவீதத்தை இந்தச் சோறு ஈடுகட்டும் என்பது லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. வைட்டமின் ஏ குறைபாட்டால் ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் குழந்தைகள் பார்வை இழக்கிறார்கள் என்றும், அவர்களில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

எதிர்ப்பவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. இங்கோ போட்ரிகஸும் பீட்டர் பேயரும் 2000-இல் அறிவித்த முதல் தங்க அரிசியில் நிறமி மிகக் குறைவு. விளம்பரமோ உலகையே காப்பாற்றப்போவதாக ஒலித்தது. இந்தியாவில் ஸ்வர்ணா ரகத்துக்குள் இந்தப் பண்பைக் கொண்டுவந்தபோது, மரபணு வேண்டாத இடத்தில் போய் உட்கார்ந்ததால் பயிர் குட்டையாகி விளைச்சல் சரிந்தது. சீனாவில் குழந்தைகளுக்கு இந்தச் சோற்றைக் கொடுத்துப் பார்த்தவர்கள் அது மரபணு மாற்றப்பட்டது என்று பெற்றோரிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை. அந்த ஆய்வை வெளியிட்ட இதழ் கட்டுரையை 2015-இல் திரும்பப் பெற்றது. இவ்வளவும் நடந்த பிறகு ஒரு விவசாயி சந்தேகப்படாவிட்டால்தான் வியப்பு.

முருங்கைக் கீரை இருக்க இந்த அரிசி எதற்கு என்பது அவர்களின் இன்னொரு கேள்வி. நியாயமானதுதான், பிலிப்பைன்ஸ் வீட்டுக் கொல்லைகளிலும் முருங்கை நிற்கிறது. கீரையும் முட்டையும் பழமும் தினமும் கிடைத்தால் தங்க அரிசிக்கு வேலையே இல்லை. ஆனால் குறைபாடு நிலைப்பது, சோற்றோடு வேறெதுவும் சேராத வீடுகளில். அங்கே சோறு வழியாகத்தான் போக முடியும்.

ஆபத்தில்லை என்ற அறிவியல் உறுதிப்பாடு இன்னும் வரவில்லை என்பது நீதிமன்றத்தின் வாதம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் உணவு ஆணையங்கள் 2017, 2018-ஆம் ஆண்டுகளிலேயே இதைப் பரிசீலித்து ஏற்றுவிட்டன. முழு உறுதி வேண்டுமென்றால் எந்த உணவுமே தேறாது. பூச்சியைக் கொல்லும் புரதம் கொண்ட பிடி கத்தரியையும், கேரட்டில் உள்ள நிறமியைக் கொண்ட அரிசியையும் ஒரே தீர்ப்பில் கட்டிப்போட்டது அதைவிடப் பெரிய குறை. இரண்டும் எழுப்பும் கேள்விகள் வேறு.

இந்த அரிசி குழந்தைகளின் குறைபாட்டை உண்மையில் எவ்வளவு தீர்க்கும்? மாதக்கணக்கில் களஞ்சியத்தில் கிடந்தால் நிறமி எவ்வளவு மிஞ்சும்? ஊர்களில் விளைந்து, சேமிக்கப்பட்டு, சமைக்கப்பட்டால்தான் இவை தெரியும். சாகுபடியைத் தடுத்துவிட்டு ஆதாரம் கேட்பதில் பொருளில்லை.

ஆகவே அனுமதி திரும்பக் கிடைக்க வேண்டும், நிபந்தனைகளோடு. தங்க அரிசி மூட்டை தனி அடையாளத்தோடு விற்கப்படட்டும். விவசாயி விதையை எடுத்துவைத்து மறுபடி விதைக்கும் உரிமை எழுத்தில் இருக்கட்டும். குழந்தைகளிடம் நடக்கும் ஆய்வை, விதையை உருவாக்கியவர்கள் அல்லாத ஒரு குழு நடத்தட்டும். தட்டில் இருப்பது என்ன என்பதைத் தாய்மார்களுக்கு அவர்கள் மொழியில் முதலிலேயே சொல்லிவிட்டு.