மைசூர்பாகு யார் சொத்து?

காவிரிக்கு அடுத்தபடியாகக் கர்நாடகமும் தமிழகமும் முறைத்துக்கொண்டது மைசூர்பாகுக்காகத்தான். 2019 செப்டம்பரில் எழுத்தாளர் ஆனந்த் ரங்கநாதன், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுடன் இருக்கும் படத்தை டிவிட்டரில் போட்டு, மைசூர்பாகுக்கான புவிசார் குறியீடு தமிழ்நாட்டுக்குக் கிடைத்துவிட்டதாகக் கிண்டலடித்தார். பலர் நிஜமென்றே நம்பிக் கொதித்தார்கள். நம்பியதிலும் தப்பில்லை. முந்தைய மாதம்தான் பழநி பஞ்சாமிர்தம் குறியீடு பெற்றிருந்தது. போதாததற்கு, நாட்டுக்கே பொதுவான குறியீட்டுப் பதிவகம் இருப்பது சென்னையில்.

மைசூர் சயாஜி ராவ் சாலையில் இருக்கிறது குரு ஸ்வீட் மார்ட். அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாவின் வம்சத்தார் நடத்தும் கடை. கடலை மாவு, நெய், சர்க்கரை சேர்த்துக் கிளறிய புதுப் பண்டத்தின் பெயர் என்ன என்று நான்காம் கிருஷ்ணராஜ உடையார் கேட்க, அவசரத்துக்கு 'மைசூர் பாக' என்றாராம் மாதப்பா. (கன்னடப் பாகவும் தமிழ்ப் பாகும் ஒன்றுதான்.) கதை நிஜமென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இது அவருடைய 'அறிவுசார் சொத்தா'?

தொல்லை இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 1967ல் உலக அறிவுசார் சொத்து அமைப்புக்கான ஒப்பந்தம் கையெழுத்தானபின் பரவிய இந்தத் தொடர், ஒன்றோடொன்று ஒட்டாத சட்டங்களை ஒரே மூட்டையாகக் கட்டுகிறது. காப்புரிமை கண்டுபிடிப்புக்கு, 20 ஆண்டுதான். பதிப்புரிமை எழுத்துக்கும் கலைக்கும். இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை. வணிகச் சின்னத்தையோ புதுப்பித்துக்கொண்டே போகலாம். மாதப்பாவின் வாரிசுகள் இன்று போய் நின்றால் காப்புரிமை கிடைக்காது. பரம்பரை அறிவுக்கு அது கிடையாது. பதிப்புரிமையும் உதவாது. அது சமையல் குறிப்பின் வார்த்தைகளுக்குத்தான், பாகின் பதத்துக்கு அல்ல.

மிஞ்சுவது புவிசார் குறியீடு. மைசூர்ப் பட்டு, மைசூர் மல்லிகை, நஞ்சன்கூடு வாழைப்பழம் எல்லாம் வாங்கிவிட்டன. இது செய்முறையைப் பூட்டுவதில்லை, பெயரைத்தான் காக்கிறது. அதுவும் தனி ஒருவருக்காக அல்ல, அந்த ஊர் உற்பத்தியாளர்கள் எல்லோருக்குமாக. 1999 சட்டப்படி இதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அப்படி ஒன்றைச் சொத்து என்று எந்த அடகுக்கடைக்காரர் ஒப்புக்கொள்வார்?

பொதுப்பெயராகிவிட்டதைப் பதியவும் அதே சட்டம் இடம் தருவதில்லை. கோவை ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் நெய்யைக் கூட்டி, மெத்தென்றாக்கி, 'மைசூர்பா' என்று விற்றுப் பேர் வாங்கியது. திருநெல்வேலியிலும் டில்லியிலும் அவரவர் பக்குவம். 2025 மே மாதம், இந்திய-பாகிஸ்தான் மோதலையடுத்து ஜெய்ப்பூர் கடை ஒன்று, 'பாக்' என்று முடிவது பிடிக்காமல் 'மைசூர் ஸ்ரீ' என்று பலகை மாட்டியது. மைசூரில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.