வீட்டை விற்க முழுப்பக்க விளம்பரம், நிலத்தை விற்க ஒரு வரிகூட இல்லை!

வாசகர்களே, பினாங்கில் ஒரு புதிய அடுக்குமாடி விற்பனைக்கு வந்தால் நமக்குத் தெரியாமல் போகாது. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் முழுப்பக்கம் வரும், பாலத்தடியில் பெரிய பலகை நிற்கும், பேரங்காடி வாசலில் பலூன் கட்டி மேசை போடுவார்கள். மாதச் சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுக்கிற நம்மிடமும் அந்தத் துண்டறிக்கையை நீட்டுவார்கள். வாங்க முடியாது என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இருந்தாலும் வாங்கிப் பாருங்கள். படத்தை விடுங்கள், அடியில் எறும்பு ஊர்வதைப் போல் இருக்கும் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

மேம்பாட்டாளரின் உரிம எண், விளம்பர அனுமதி எண், அவை எந்தத் தேதிவரை செல்லும், நிலம் நிரந்தர உரிமையா குத்தகையா, குத்தகை என்றால் எந்த ஆண்டில் முடிகிறது, நிலத்தின் மேல் வங்கிக் கடன் உண்டா, கட்டி முடிக்கும் தேதி, குறைந்த விலை, அதிக விலை, எத்தனை வீடுகள், வரைபடத்தை எந்த அதிகாரி அங்கீகரித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். மேம்பாட்டாளர் நல்ல மனத்தோடு இதைப் போடவில்லை. 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டமும் அதன் கீழ் வந்த 1989 விதிகளும் அவரைப் போட வைக்கின்றன. அதே விதிகள், விளம்பரத்தில் என்ன சொல்லக்கூடாது என்றும் சொல்கின்றன. 'இங்கிருந்து இத்தனை நிமிடத்தில் அங்கே போகலாம்' என்று போடக்கூடாது. 'கண்கொள்ளாக் காட்சி' என்று போடக்கூடாது. 'வாடகைக்கு விட்டால் இவ்வளவு கிடைக்கும்' என்றும் போடக்கூடாது. (எத்தனை விளம்பரங்கள் இதை மதிக்கின்றன என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.)

வீடு வாங்குகிறவர் ஏமாறக்கூடாது என்று சட்டம் இவ்வளவு அக்கறை எடுக்கிறது. நல்லதுதான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அடுக்குமாடிக்கு அடியில் இருக்கும் மண்ணை முதலில் அரசாங்கம் விற்றதே, அதற்கு விளம்பரம் எங்கே வந்தது? அந்த மண்ணில் அப்போது குடியிருந்தவர் எந்தப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டார்?

கம்போங் புவா பாலாவை மறந்திருக்க மாட்டீர்கள்.

குளுகோரில் சுமார் ஆறரை ஏக்கர். இருபதுக்குச் சற்று மேற்பட்ட வீடுகள், சுமார் 300 பேர், மாட்டுக் கொட்டகைகள், ஆடுகள், தென்னை, கோயில். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட பிறகும் நகரத்துக்குள் பால் கறந்த கிராமம். 1967 முதல் 1971 வரை ஓடிய 'ஹை சப்பரால்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் மாட்டுப்பண்ணையும் குதிரையும் துப்பாக்கியுமாக ஓர் எல்லைப்புற ஊர் வரும். மாடுகள் நிறைந்திருந்ததால் புவா பாலாவுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 'தமிழர் ஹை சப்பரால்' என்றால் பினாங்கில் வாடகைக் கார் ஓட்டுநருக்கும் வழி தெரியும்.

வேடிக்கையாக வைத்த பெயர்தான், ஆனால் பொருத்தமாக அமைந்துவிட்டது. பினாங்கே ஒரு காலத்தில் எல்லைப்புற ஊர்தானே! 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியபோது, காட்டை வெட்டித் திருத்துகிறவன் அந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். ஆட்கள் சுறுசுறுப்பாகக் காடு வெட்ட வேண்டும் என்பதற்காக பீரங்கியில் வெள்ளிக்காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதையும் உண்டு. இந்தத் தீவில் நில விற்பனைக்கு வந்த முதல் விளம்பரம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். அந்த விளம்பரத்தால் பலன் பெற்றவர்களில் ஒருவர் 1825இல் இறந்த டேவிட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். குளுகோரில் சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டு, தீவிலேயே பெரிய நிலச்சுவான்தாரர் ஆனார். 'புவா பாலா' என்றால் சாதிக்காய். சாதிக்காய் மரங்கள் நோயில் அழிந்தன, தென்னை வந்தது, பிரவுன் பரம்பரையும் ஒருநாள் கிளம்பிப் போனது. அந்தத் தோட்டத்தில் வேலை செய்த நம்மவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே மாடு வளர்த்துக்கொண்டு இருந்தார்கள். தொழிலாளர்களுக்காக பிரவுன் குடும்பம் அறக்கட்டளையாக விட்டுச்சென்ற நிலம் இது, அரசாங்கம் அதன் காவலர் மட்டுமே என்பது கிராமத்தாரின் வாதம். அரசாங்கப் பதிவிலோ அது அரசு நிலம். கிராமத்தார் கையில் இருந்தது டி.ஓ.எல். என்ற தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தின் ரசீதுகள்.

அந்த நிலத்தை 2004, 2005 ஆண்டுகளில், கோ சு கூன் முதலமைச்சராக இருந்த தேசிய முன்னணி மாநில அரசாங்கம், பினாங்கு அரசு ஊழியர் கூட்டுறவுக் கழகத்துக்குக் கொடுக்க முடிவு செய்தது. விலை சுமார் 32 லட்சம் வெள்ளி. ஆறரை ஏக்கர் என்றால் ஏறக்குறைய 2,83,000 சதுர அடி. வகுத்துப் பாருங்கள், சதுர அடி 11 வெள்ளி சொச்சம். இன்று ஒரு தட்டு நாசி கண்டாருக்கு மீன் தலை சேர்த்தால் இதைவிட அதிகம் ஆகிறது. 2008 மார்ச் 8ஆம் தேதி தேர்தலில் ஆட்சி மாறியது. மார்ச் 27ஆம் தேதி, லிம் குவான் எங் தலைமையிலான புதிய ஆட்சி வந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், நிலத்தின் உரிமை கூட்டுறவுக் கழகத்துக்கு மாறியது. பிறகு நீதிமன்றப் படிகள். 2008இல் உயர்நீதிமன்றம் கிராமத்தார் பக்கம் நின்றது. 2009 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஜூன் மாதம் கூட்டரசு நீதிமன்றமும் கதவை மூடியது. செப்டம்பரில் மண்வாரி இயந்திரங்கள் வந்தன.

'விற்றது நீங்கள்' என்றது ஒரு கட்சி. 'மாற்றிக் கொடுத்தது உங்கள் காலத்தில்' என்றது மறு கட்சி. இரண்டுமே உண்மை. இந்தச் சண்டையில் நாம் நான்கு மாதம் கைதட்டிக்கொண்டும் கல்லெறிந்துகொண்டும் இருந்தோம். கிராமத்துக்குள்ளேயே சமரசமாகத் தரப்பட்ட இரட்டை மாடி வீட்டுக்குக் கையெழுத்திட்டவர் ஒரு பக்கம், மறுத்தவர் ஒரு பக்கம் என்று உறவுகள் முறிந்தன. அந்தப் பழைய வழக்கைக் கிளறுவது நம் நோக்கம் அல்ல. 2004க்கும் 2008க்கும் இடையில் நடந்ததை யாரும் கிராமத்துப் பலகையில் ஒரு தாள் ஒட்டி முறையாகச் சொல்லியிருந்தால், வழக்கு முதலிலேயே, நிலம் கைமாறும் முன்பே வந்திருக்கும். உரிமை பதிவான பிறகு வழக்காடுவது, கறந்த பாலை மடியில் ஏற்றப் பார்ப்பது போல.

நிலம் போன பிறகு விளம்பரம் வந்தது! நுஸ்மெட்ரோ நிறுவனம் அங்கே எழுப்பிய அடுக்குமாடித் திட்டத்தின் பெயர் 'ஒயாசிஸ்', அதாவது பாலைவனச் சோலை. ஏற்கெனவே சோலையாக இருந்த இடத்தை வெட்டிச் சமப்படுத்தி, அதற்குச் சோலை என்று பெயர் வைத்து விற்பது வணிகத்துக்கு மட்டுமே கைவந்த கலை.

இது எப்படிச் சட்டப்படி நடக்கிறது என்பதை டி.ஓ.எல். ரசீதை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்தில் உள்ளது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 48ஆவது பிரிவு, அரசு நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும், உரிமம் பெற்றே இருந்தாலும், அதனால் சொந்தம் வராது என்கிறது. பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறோம் என்ற பேச்சு அங்கே எடுபடாது. டி.ஓ.எல். ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதியோடும் முடிகிறது, மறுபடியும் புதுப்பிக்க வேண்டும். அதைவிட முக்கியமானது 68ஆவது பிரிவு. உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் இறந்தால் உரிமமும் அன்றோடு முடிந்தது. பிள்ளைக்கு வராது, மனைவிக்கும் வராது. அப்பா இறந்து பல ஆண்டுகள் ஆகியும் அவர் பெயரில் பணம் கட்டி வருகிற வீடுகள் நம்மிடையே குறைவு என்று நாம் நம்பவில்லை.

அரசாங்கம் அந்த நிலத்தை வேறொருவருக்குக் கொடுக்க ஆட்சிக்குழுவில் முடிவு செய்தால், நில அலுவலகத்திலிருந்து 5ஏ பாரம் போகும். யாருக்கு? நிலம் கேட்டு விண்ணப்பித்தவருக்கு, பணம் கட்டச் சொல்லி. குடியிருப்பவருக்கு அல்ல. நகர் திட்டமிடல் சட்டம் 1976இலும் இதே கதைதான். உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒருவர் கட்டடம் எழுப்ப விண்ணப்பித்தால், பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்கு ஊராட்சி மன்றம் கடிதம் அனுப்ப வேண்டும், அவர் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். 'உரிமையாளர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பங்களா வைத்திருப்பவருக்குக் கடிதம் வரும். வேலிக்கு இந்தப் பக்கம் அந்த நிலத்தின் மேலேயே அடுப்பு மூட்டிக் குடியிருப்பவருக்கு வராது.

'இப்போது எல்லாம் திறந்த டெண்டர், பழைய காலம் போல் இல்லை' என்று சிலர் பதில் சொல்வார்கள். திறந்த டெண்டர் நல்லதே. ஜோர்ஜ் டவுன் தாமான் மங்கிஸில் 1.1 ஏக்கர் அரசு நிலம் டெண்டர் வழியாக சுமார் 1 கோடியே 15 லட்சம் வெள்ளிக்குப் போனது, சதுர அடி 232 வெள்ளி. புவா பாலாவின் 11 வெள்ளியை இதோடு அப்படியே ஒப்பிட முடியாது, இடம் வேறு, காலம் வேறு. ஆனாலும் வெளிச்சத்தில் விற்றால் பொதுப்பணம் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு ஒரு மாதிரி கிடைக்கிறது. தாமான் மங்கிஸ் விற்பனையும் பிறகு பெரிய அரசியல் புயலாக வெடித்தது, ஏனென்றால் அங்கே ஏழைகளுக்கு வீடு கட்டப் போவதாக ஒரு பேச்சு முன்பே இருந்தது. டெண்டர் விளம்பரம், 'யார் எவ்வளவு தருவீர்கள்' என்று வாங்குகிறவரைப் பார்த்துக் கேட்கிறது. 'இந்த நிலத்தை விற்கலாமா, வேறு எதற்கு வைத்துக்கொள்ளலாம்' என்று அக்கம்பக்கத்தாரை அது கேட்பதில்லை.

நாம் கேட்பது பெரிய புரட்சி அல்ல. பினாங்கு மாநில அரசாங்கம், எந்தக் கட்சி ஆண்டாலும் சரி, அரசு நிலத்தை ஒருவருக்குக் கொடுக்கும் முன்னால் அந்த நிலத்திலேயே ஒரு பலகை வைக்க வேண்டும். லோட் எண், எத்தனை ஏக்கர், யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார், என்ன விலை பேசப்படுகிறது, ஆட்சேபம் சொல்லக் கடைசி நாள் எது என்பது அதில் இருக்க வேண்டும். மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் இருக்க வேண்டும். மலாயில் சட்ட மொழியில் ஒரு தாளைக் கொடுத்து 'கையெழுத்துப் போடுங்கள்' என்று சொல்வது அறிவிப்பு ஆகாது. தமிழ்ப் பத்திரிகைகளிலும் அது வர வேண்டும். ஒரு கண்டோ வீட்டை விற்க அனுமதி எண் முதல் குத்தகைத் தேதி வரை அச்சிடச் சொல்லுகிற நாட்டில், ஓர் ஊரையே விற்கும்போது அதில் பாதியையாவது அச்சிடச் சொல்வது எப்படி அதிகப்படியாகும்?

இதற்கு வழியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பினாங்கு சட்டமன்றம் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது, 2015 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. மாநில இலாகாக்களிடம் தகவல் கேட்டு விண்ணப்பிக்கப் பொதுமக்களுக்கு அதில் இடம் உண்டு. ஆனால் இருக்கும் இடத்தை விற்கிறார்கள் என்ற சந்தேகமே இல்லாதவர் எதைக் கேட்டு விண்ணப்பிப்பார்? அதனால்தான் பலகையைக் கேட்கிறோம்.

பலகை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். அரசு நிலத்தில் இருக்கும் குடும்பங்கள் இந்த மாதமே ரசீதுகளை எடுத்துப் பாருங்கள். பெயர் உயிரோடு இருப்பவருடையதா என்று பாருங்கள். இல்லையென்றால் நில அலுவலகத்தில் உயிரோடு இருப்பவர் பெயரில் விண்ணப்பியுங்கள். லோட் எண் தெரிந்தால், சிறிய கட்டணத்தில் யாரும் தனிப்பட்ட தேடல் செய்யலாம், மலாயில் 'சாரியான் பெர்செண்டிரியான்' என்பார்கள். அந்த நிலத்துக்குப் புதிதாக உரிமைப் பத்திரம் பிறந்திருக்கிறதா, பிறந்திருந்தால் யார் பெயரில் என்பது அதில் தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை, டி.ஓ.எல். பணம் கட்டப் போகும் அதே நாளில், அடுத்த முகப்பில் இதையும் கேட்டுவிடலாம். வீட்டுக்கு வீடு தனியாகப் போகாமல் கோயில் தலைவரோ இளைஞர் ஒருவரோ ஊருக்கெல்லாம் சேர்த்து எடுத்து வந்து, கோயில் பலகையில் ஒட்டி வையுங்கள்.