“ஜீன்லயே இல்ல”னு சொல்றதுக்கு முன்னாடி

ஸ்போர்ட்ஸ் டே செலக்‌ஷன் வந்தாலே ஹாஸ்டல்ல ஒரு டயலாக் கேட்கும்: “நமக்கெல்லாம் ஜீன்லயே இல்ல மச்சி.” இதுக்குத் துணையா ஆன்லைன்ல டிஎன்ஏ டெஸ்ட் கிட்டும் விக்கிறாங்க. எச்சில் அனுப்பினா, நீங்க 100 மீட்டருக்கா மாரத்தானுக்கா என்று ரிப்போர்ட் வரும். காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

சிக்கன்ல லெக் பீஸ் கருப்பா, நெஞ்சுக்கறி வெள்ளையா இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? நாள் முழுக்க நடக்கிற காலில் களைப்பு தாங்கும் தசை நார்கள் அதிகம். ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின்தான் அந்த நிறத்துக்குக் காரணம். எப்பவாவது படபடன்னு சிறகடிக்கிற நெஞ்சில் வேக நார்கள். மனுஷனுக்கு இவை பெரும்பாலும் ஒரே தசையில் கலந்தே இருக்கும்: மெதுவா, ரொம்ப நேரம் உழைக்கும் டைப் 1, வேகமும் தாங்கும் சக்தியும் உள்ள டைப் 2ஏ, சட்டுனு வெடிச்சு சீக்கிரம் களைக்கும் டைப் 2எக்ஸ்.

இந்தக் கலவையில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கல. உசைன் போல்ட்டின் 9.58 விநாடி எல்லாருக்கும் வராது. ஆனா கலவை கல்வெட்டு இல்ல. பயிற்சியால் 2எக்ஸ் நார்கள் 2ஏ-வாக மாறும். 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரே ஜீன் கொண்ட இரட்டையரைப் பரிசோதித்தது. ஒருவர் 30 வருஷம் தாங்குதிறன் பயிற்சி செய்தவர், மற்றவர் செய்யாதவர். பயிற்சி செய்தவர் தொடையில் டைப் 1 நார்கள் மிக அதிகம்!

இந்த டெஸ்ட்களில் அடிக்கடி வரும் பெயர் ஏசிடிஎன்3 ஜீன். வேக நார்களில் இருக்கும் ஒரு புரதத்தை உருவாக்குவது அதன் வேலை. உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்தப் புரதமே கிடையாது. அப்படிப்பட்ட ஸ்பெயின் வீரர் ஒருவர் நீளம் தாண்டுதலில் 8.26 மீட்டர் தாண்டியவர், ஒலிம்பிக் வீரர். அவரை ஒரு கிட் ரிப்போர்ட் எங்கே அனுப்பியிருக்கும்?

இன்னொண்ணு. உடம்பு முதலில் டைப் 1 நார்களைத்தான் கூப்பிடும். அதிக பலம் தேவைப்படும்போதுதான் வேக நார்கள் வேலைக்கு வரும். மெதுவா ரெண்டு ரவுண்ட் ஜாகிங் மட்டும் போயிட்டு “எனக்கு ஸ்பீட் இல்ல”ன்னா, நீங்க அவற்றைக் கூப்பிடவே இல்ல.

அதனால பிடி சாருக்கு ஒரு வேண்டுகோள்: முதல் வருஷப் பசங்களை ஒரே ஒரு ஓட்டத்துல கழிச்சு விடாதீங்க. மூணு மாசம் பயிற்சி கொடுத்து, அப்புறம் ஸ்டாப்வாட்ச்சை எடுங்க. உங்களுக்கும் அதேதான். கிட்டுக்குக் கொடுக்கிற காசுல ஒரு நல்ல ஷூ வாங்குங்க.