ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் மட்டும் போதுமா? எண்ணையும் பாருங்க!

ரூம் எடுத்துத் தங்கும் பேச்சிலர்கள் முதலில் வாங்கும் பொருள்களில் ஒன்று, வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் ஹீட்டர் ராடு. மின்சாரமும் தண்ணீரும் ஒன்றாகப் புழங்கும் பொருள் அது. ஆனால், “அதான் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கே, அப்புறம் என்ன?” என்று விலையை மட்டும் பார்த்து வாங்குபவர்களே அதிகம். முத்திரை என்பது வெறும் படம்தான்; போலித் தயாரிப்பாளரும் அதை அச்சடித்துவிட முடியும். கவனிக்க வேண்டியது, அதனுடன் இருக்கும் எண்ணை.

எந்த எண் எதற்கு?

இந்தியாவில் இந்த முத்திரையை வழங்குவது பி.ஐ.எஸ். எனப்படும் இந்திய தர நிர்ணய அமைவனம். முத்திரைக்கு மேலே ‘ஐ.எஸ்.’ என்று தொடங்கும் எண், அந்தப் பொருளுக்கான தர விதியைக் குறிக்கும். உதாரணமாக, வீட்டு ஒயரிங்கில் பயன்படும் பி.வி.சி. ஒயருக்கு 694, பிளக், சாக்கெட்டுக்கு 1293. கீழே ‘சி.எம்./எல்.’ என்று தொடங்குவது, தயாரிப்பாளரின் உரிம எண். தொழிற்சாலை ஆய்வு, பொருள் சோதனை எல்லாம் முடிந்த பிறகே இந்த உரிமம் கிடைக்கும்.

சார்ஜரில் ஏன் ஐ.எஸ்.ஐ. இல்லை?

மொபைல் சார்ஜர், பவர் பேங்க், எல்.இ.டி. பல்பு ஆகியவற்றுக்கு வேறு நடைமுறை. இவை 2012-ல் கொண்டுவரப்பட்ட கட்டாயப் பதிவுத் திட்டத்தின் கீழ் வருபவை. பி.ஐ.எஸ். அங்கீகரித்த ஆய்வகத்தில் மாதிரியைச் சோதித்து, தயாரிப்பாளர் பதிவு செய்ய வேண்டும். இவற்றில் பி.ஐ.எஸ். முத்திரையும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துடன் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

ஸ்டார் இருந்தால் பாதுகாப்பா?

இல்லை. 5 ஸ்டார் என்பது மின்சாரச் சிக்கனத்துக்கான குறியீடு மட்டுமே. ‘சி.இ.’ குறியீடு ஐரோப்பியச் சந்தைக்கானது. பல பொருள்களில் தயாரிப்பாளரே உறுதி கூறி அதை ஒட்டிக்கொள்ளலாம். இரண்டுமே பி.ஐ.எஸ். சான்றுக்கு மாற்று ஆகாது.

எப்படிச் சரிபார்ப்பது?

‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் எண்ணை டைப் செய்தால், உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு, இப்போது செல்லுபடியாகிறதா என்பது தெரிந்துவிடும். எண் இருக்கிறது என்பதோடு நின்றுவிட வேண்டாம். வேறொரு நிறுவனத்தின் எண்ணைக் காப்பியடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. நிறுவனமும் பொருளும் கையில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால், அதே செயலியில் புகார் செய்யலாம்.

வாங்குபவர் மட்டும் விழிப்பாக இருந்தால் போதும் என்று விட்டுவிட முடியாது. பெட்டியைப் பிரித்த பிறகுதான் எண்ணைப் பார்க்க முடியும் என்றால், ஆன்லைனில் வாங்குபவர் எதை நம்பி ஆர்டர் போடுவார்? விலை, தள்ளுபடியைப் பெரிதாகக் காட்டும் விற்பனைத் தளங்கள், உரிம எண்ணையும் அதே பக்கத்தில் காட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இன்னொன்று: அசல் முத்திரை உள்ள ஹீட்டர் ராடாகவே இருந்தாலும், சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். எர்த் இணைப்பு சரியில்லாத வீட்டில் எந்த முத்திரையும் முழுப் பாதுகாப்பு தராது.

அடுத்த முறை கடையில் விலையைக் கேட்கும்போது, உரிம எண் எங்கே என்றும் கேளுங்க. காட்ட முடியவில்லை என்றால், அந்தப் பொருள் வேண்டாம்.