பத்துப் பேர் போதும். ஆனால் எந்தப் பத்துப் பேர்?

இளங்கலை மூன்றாம் ஆண்டு, புவியியல்



மலைக்குள்ளே ஒரு காடு. அந்தக் காட்டுக்கு மேலே கல்லாலான கூரை. அந்தக் கூரையிலே வெயில் இறங்கும் இரண்டு பெருந்துளைகள்! மாயாஜாலக் கதையில் வரும் இடம் என்று எண்ணிவிட வேண்டாம். வியட்நாம் நாட்டின் நடுப்பகுதியில், ஃபோங் நா - கே பாங் தேசியப் பூங்காவில் உள்ள சோன் டூங் குகைதான் அது.

அங்கே செல்வதானால் எப்படித் திட்டமிடுவது என்று விடுதி அறையில் நாங்கள் நால்வர் ஓர் இரவு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தோம். போகப் போவதில்லை என்று தெரிந்தும் உட்கார்ந்தோம்! அந்த இரவு என் மனத்தில் எழுப்பிய கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் குகையை அறிந்துகொள்வோம். 1990-ஆம் ஆண்டளவில் அகில் கட்டை தேடிக் காட்டுக்குள் சென்ற ஹோ கான் என்னும் உள்ளூர்க்காரர், மழைக்கு ஒதுங்க இடம் தேடியபோது இந்தக் குகையின் வாயைக் கண்டார். உள்ளிருந்து காற்றுச் சீறியது, ஆறு இரைந்தது. அஞ்சித் திரும்பியவருக்குப் பின்னர் வழியே மறந்துபோயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கண்டுபிடித்து, 2009-இல் ஹோவர்ட் லிம்பெர்ட் தலைமையில் வந்த பிரிட்டிஷ் குகை ஆய்வாளர்களுக்கு அவரே வழிகாட்டினார். அளந்து பார்த்தபோது உலகமே வியந்தது. ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளம். சில இடங்களில் 200 மீட்டர் உயரம். கொள்ளளவில் உலகின் மிகப் பெரிய குகை என்ற பெருமை!

2013 முதல் பயணிகளை அனுமதிக்கிறார்கள். ஆனால் நினைத்தவர் நினைத்தபோது நுழைந்துவிட முடியாது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர். ஒரு குழுவில் பத்துப் பேர். நான்கு பகல், மூன்று இரவு.

எங்கள் தாளில் முதலில் எழுதியது மாதம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை வெள்ள அபாயத்தால் குகை மூடப்படும். ஆகவே ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையில்தான் பயணம். இரண்டாவது, உடல். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நடை. இடையில் ஆறுகளைக் கடக்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக் குகைக்குள் இறங்க வேண்டும். இறுதியில் 90 மீட்டர் உயரச் சுவரில் ஏறி வெளிவர வேண்டும். மாதக்கணக்கில் பயிற்சி இல்லாமல் இது நடவாது. மூன்றாவது, துணை. வழிகாட்டிகள், சமையற்காரர்கள், சுமை தூக்குவோர் என்று பயணிகளைவிடக் கூடுதலான ஆட்கள் உடன் வருகிறார்கள். ஒரு காலத்தில் மரம் வெட்டியும் வேட்டையாடியும் பிழைத்த சுற்றுவட்டார மக்கள் பலருக்கு இன்று இதுவே வாழ்வு. காடு அழிந்தால் தம் பிழைப்பும் அழியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது. குப்பை ஒன்றும் விட்டுவரக் கூடாது. ஏன் இத்தனை கெடுபிடி? மணல் துகளின் மீது சுண்ணாம்புச் சத்து படிப்படியாகப் படிந்து உருண்டு திரண்ட 'குகை முத்துகள்' அங்கே உள்ளன. ஒரு கால் தவறி மிதித்தால் போதும். பல நூறு ஆண்டு வேலை வீண்! விதிகள் குகையை மட்டுமா காக்கின்றன? 2018 மார்ச்சில் நம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் மாண்டதை மறக்க முடியுமா? பருவமும் அனுமதியும் பாராமல் காட்டுக்குள் செல்வது வீரமாகாது.

நான்காவதாக எழுதியது பணம். ஒருவருக்கு ஏறத்தாழ மூவாயிரம் அமெரிக்க டாலர். நம் பணத்தில் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல்! பேனா அங்கேயே நின்றது.

"இயற்கை என்ன, பணக்காரன் வீட்டுச் சொத்தா? ரோப் கார் போட்டால் எல்லாரும் பார்க்கலாமே!" என்று கொதித்தான் நண்பன். அவன் கோபம் நியாயமானது; ஆனால் அவன் சொன்ன வழி சரியன்று. 2014-இல் அப்படி ஒரு திட்டம் அங்கே அறிவிக்கப்படத்தான் செய்தது. அந்நாட்டு இளைஞர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். திட்டம் நிறைவேறவில்லை. நாளுக்கு ஆயிரம் பேர் நுழைந்தால், நம் பேரப்பிள்ளைகள் பார்ப்பதற்கு அங்கே என்ன மிஞ்சும்?

ஆகவே என் கருத்து இதுதான். எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். அதில் தளர்வே கூடாது. ஆனால் அந்த வரம்புக்குள் யார் நுழைவது என்பதைப் பணப்பை மட்டுமே முடிவு செய்யலாகாது. ஆண்டுக்கு ஆயிரம் இடங்களில் ஐம்பதையாவது மாணவர்களுக்கு ஒதுக்கட்டும். முதலில் அந்நாட்டு மாணவர்கள். பிறகு பிற நாட்டினர். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அந்தச் செலவை மற்ற பயணிகளின் கட்டணத்தில் சிறிது சேர்த்து ஈடுகட்டட்டும். லட்சம் லட்சமாய்ச் செலவழிப்பவருக்கு அந்தச் சிறு கூடுதல் ஒரு பாரமா?

குகையைக் கண்டவர் கோடீசுவரர் அல்லர். அகில் தேடி வந்த ஓர் ஏழை. அவரைப் போன்ற வீட்டுப் பிள்ளைக்கு அங்கே ஓர் இடம் கேட்பது பேராசையா? நீங்களே சொல்லுங்கள்!